ஒரே மூசைக்கு ஏன் இத்தனை விலை?

படிக வளர்ப்பில் ஆராய்ச்சி செய்யும் தம்பி ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "அண்ணா, ஒரே அளவு டங்ஸ்டன் மூசைக்கு மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்கினேன். மூன்று விலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கின்றன. எது நியாயமான விலை?"

அவர் அனுப்பிய மூன்று தாள்களையும் பார்த்தேன். மூன்றிலும் "டங்ஸ்டன், 99.95%" என்று ஒரே வரிதான். ஆனால் ஒன்று தகட்டிலிருந்து செய்தது, இன்னொன்று பொடியை அழுத்திச் சுட்டது, மூன்றாவது கெட்டித் தடியைக் கடைந்தது. பெயரும் அளவும் ஒன்றுதான் என்றாலும், உலைக்குள் போனபின் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனது. புதிதாக ஆய்வகம் அமைப்பவர்கள் பலரும் இதே இடத்தில்தான் திகைக்கிறார்கள் என்பதால், அதை விரித்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சுருக்கமாக என் கருத்து இதுதான்: உலோகத்தின் பெயரையும் எடையையும் மட்டும் வைத்து மூசையை விலை பேசக் கூடாது. அதை எப்படிச் செய்தார்கள், அது எத்தனை முறை உலையில் ஏறி இறங்கும் என்ற இரண்டும் தெரிந்தால்தான் ஒரு விலை மலிவா, அதிகமா என்றே சொல்ல முடியும்.

எதற்காக இந்த உலோகங்கள்?

மூசை என்றால் நமக்கு நகைப் பட்டறையில் இருக்கும் களிமண் மூசையோ கிராஃபைட் மூசையோதான் நினைவுக்கு வரும். தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகிவிடுகிறது, அதற்கு அது போதும். நீலக்கல் என்கிற சஃபையரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி. விளக்கின் சில்லுக்கு அடித்தளமாகவும், கைக்கடிகாரத்தின் கண்ணாடியாகவும் பயன்படும் இந்தப் படிகம் வேறொன்றுமில்லை, தூய அலுமினா. அது உருகுவது சுமார் 2050 டிகிரியில். ஆய்வகங்களில் சாதாரணமாகப் பயன்படுத்தும் அலுமினா மூசையும் அதே பொருள்தான், ஆகவே அதுவும் சேர்ந்து உருகிவிடும். கிராஃபைட்டில் ஊற்றினால் கரி அலுமினாவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு வாயுவாகப் போகும், உருகல் கெட்டுப்போகும்.

எஞ்சுவது சில உலோகங்கள்தான். டங்ஸ்டன் 3422 டிகிரியில் உருகுகிறது, டாண்டலம் 3017இல், மாலிப்டினம் 2623இல், நியோபியம் 2477இல். இவற்றுடன் விலைமதிப்புள்ள இரிடியத்தையும் (2446) சேர்த்துக்கொள்ளலாம். இரிடியத்துக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. உலைக்குள் கொஞ்சம் ஆக்சிஜன் இருந்தாலும் அது தாங்கும். மற்றவற்றுக்கு அந்த ஆற்றல் கிடையாது. மாலிப்டினம் காற்றில் 400 டிகிரியிலேயே அரிக்கத் தொடங்கிவிடும். இன்னும் சூடேறினால் அதன் ஆக்சைடு வெண்புகையாக ஆவியாகிப் போகும். அதனால் டங்ஸ்டன், மாலிப்டினம், டாண்டலம் எதை வாங்கினாலும் வெற்றிட உலையோ ஆர்கான் உலையோ கட்டாயம் வேண்டும். டங்ஸ்டனுக்கும் மாலிப்டினத்துக்கும் ஹைட்ரஜன் உலையும் ஆகும், டாண்டலத்துக்கு ஆகாது. அந்தச் செலவும் மூசைச் செலவோடு சேர்ந்ததுதான்.

இவ்வளவு உயரத்தில் உருகும் உலோகத்தை உருக்கி அச்சில் வார்ப்பது நடைமுறையில் கைகூடாது. டங்ஸ்டனை உருக்கிப் பிடித்துவைக்க எந்தப் பாத்திரம் இருக்கிறது? மின்வில்லில் உருக்கிக் கட்டியாக்கினாலும் உள்ளே பெரிய பெரிய படிகமணிகள் உண்டாகி, தட்டினால் உடையும். 1909, 1910 வாக்கில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வில்லியம் கூலிட்ஜ் இதற்கு வழி கண்டார். டங்ஸ்டன் பொடியை அழுத்தி, உருகாமலே சுட்டு இறுகவைத்து, சூட்டோடு அடித்து நீட்டி, விளக்கிழைக்கான வளையும் கம்பியைச் செய்தார். இன்றைய டங்ஸ்டன் தகடு, தடி, மூசை எல்லாம் அந்தப் பொடி வழியில் வந்தவைதான்.

முதலில் எடைக் கணக்கு

விலை பேசுமுன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடுவோம். வெளி விட்டம் 100 மில்லிமீட்டர், உயரம் 100 மில்லிமீட்டர், சுவரும் அடியும் 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஒரு மூசை. இதில் இருக்கும் உலோகத்தின் கன அளவு சுமார் 181 கன சென்டிமீட்டர். டங்ஸ்டனின் அடர்த்தி 19.3 என்பதால் மூசை 3.5 கிலோ வரும். டாண்டலத்தில் செய்தால் 3 கிலோ. மாலிப்டினத்தில் 1.85 கிலோதான், ஏனென்றால் அதன் அடர்த்தி 10.2.

இங்கேயே பலர் சறுக்குகிறார்கள். ஒரு கிலோ மாலிப்டினத்தின் விலையையும் ஒரு கிலோ டங்ஸ்டனின் விலையையும் நேருக்கு நேர் ஒப்பிடுகிறார்கள். மூசை வாங்குபவருக்கு வேண்டியது கிலோ அல்ல, கன அளவு. ஒரு கன சென்டிமீட்டருக்கு என்ன விலை என்று மாற்றிப் பார்த்தால், கிலோ விலை சமமாக இருந்தாலும் மாலிப்டினம் ஏறக்குறைய பாதி விலையில் முடியும்.

இப்போது அதே மூசையை வெவ்வேறு வழிகளில் செய்து பார்ப்போம்.

தடியைக் கடைந்து எடுப்பது

எளிதாகப் புரியும் வழி இது. 100 மில்லிமீட்டர் தடியை வாங்கி, லேத்தில் மாட்டி, உள்ளே குடைந்து எடுப்பது. தனி அச்சு வேண்டாம், வரைபடம் இருந்தால் போதும். ஒன்றோ இரண்டோ மூசை தேவைப்படும் ஆய்வகத்துக்கு இதுதான் விரைவாகக் கிடைக்கும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்தத் தடியின் கன அளவு 785 கன சென்டிமீட்டர். டங்ஸ்டன் என்றால் 15 கிலோவுக்கு மேல் வாங்கி, 3.5 கிலோவை மட்டும் வைத்துக்கொள்கிறோம். வாங்கியதில் 23 விழுக்காடுதான் மூசையாகிறது, மீதி சுருளாகவும் துகளாகவும் கீழே விழுகிறது. அதைப் பழைய உலோகமாக விற்கலாம், ஆனால் வாங்கிய விலை திரும்ப வராது.

கடையும் கூலியும் உலோகத்துக்கு உலோகம் மாறும். மாலிப்டினம் கார்பைடு கருவிக்கு ஓரளவு வார்ப்பிரும்பு போலப் பணிந்துபோகும். டங்ஸ்டன் சாதாரண வெப்பநிலையில் நொறுங்கும் தன்மையுள்ளது. ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும், கருவி சீக்கிரம் மழுங்கும். பல இடங்களில் அதைத் தேய்த்தோ மின்பொறியால் அரித்தோதான் வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். டாண்டலம் இதற்கு நேர் எதிர். மென்மையாக இருந்து கருவியிலேயே ஒட்டிக்கொண்டு மேற்பரப்பைக் கிழிக்கும்.

சின்ன மூசைக்கும், சுவர் தடிமனான மாலிப்டினம் மூசைக்கும் கடைவது நல்ல வழி. பெரிய டங்ஸ்டன் மூசையைத் தடியிலிருந்து கடையச் சொல்வது பணத்தைச் சுருளாக்குவதுதான்.

தகட்டிலிருந்து செய்வது

சுவர் மெல்லியதாக இருந்தால் போதும் என்றால் தகடு. ஒரு மில்லிமீட்டர் தகட்டில் அதே வெளி அளவுள்ள மூசைக்கு டங்ஸ்டன் சுமார் 750 கிராம் போதும், மாலிப்டினம் 400 கிராம்தான். உலோகச் செலவு சட்டென்று இறங்கிவிடுகிறது.

தகட்டை மூசையாக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அச்சுக்குள் அழுத்தி இழுப்பது. டாண்டலமும் நியோபியமும் சாதாரண வெப்பநிலையிலேயே இதற்கு அழகாக ஒத்துழைக்கும், தையல் இல்லாத கிண்ணம் கிடைக்கும். அச்சு செய்யும் செலவு முன்கூட்டியே வந்துவிடுவதால், எண்ணிக்கை அதிகமானால்தான் கட்டுப்படியாகும்.

இரண்டாவது ஸ்பின்னிங். சுழலும் வட்டத் தகட்டை உருளையால் அழுத்தி, உள்ளே இருக்கும் மாண்ட்ரல் என்ற அச்சுக்கட்டை மீது கொஞ்சம் கொஞ்சமாகப் படியவைப்பது. குயவர் சக்கரத்தில் மண் எழும்புவதுபோல உலோகம் சுவராக மாறும். மாலிப்டினத்துக்குச் சூடு காட்ட வேண்டும். டங்ஸ்டனுக்கு இன்னும் அதிகமாகக் காட்ட வேண்டும், ஏனென்றால் பல நூறு டிகிரிக்குக் கீழே அது வளையாது, உடையும். இங்கே கைத்திறனுக்குத்தான் கூலி. தேர்ந்த ஆள் இல்லாவிட்டால் தகட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத பிளவுகள் விழுந்துவிடும்.

மூன்றாவது, தகட்டைச் சுருட்டி அடியை வைத்து வெல்டிங் செய்வது அல்லது ரிவெட் அடிப்பது. மூன்றிலும் மலிவு இதுதான். ரிவெட் மூசை திடப்பொருளைச் சூடாக்கும் தட்டாகப் பயன்படுமே தவிர, உருகலைப் பிடித்துவைக்காது. வெல்டிங்கில் டாண்டலம் ஆர்கான் பெட்டிக்குள்ளோ எலக்ட்ரான் கற்றையிலோ நன்றாகப் பற்றிக்கொள்ளும், இணைப்பும் வளைந்துகொடுக்கும். டங்ஸ்டன், மாலிப்டினம் இரண்டிலும் வெல்டிங் பட்ட இடத்தில் படிகமணிகள் பெரிதாகி, அந்தக் கோட்டிலேயே மூசை பிளக்கும் வாய்ப்பு அதிகம். மலிவு என்று வாங்கிய மூசை முதல் ஓட்டத்திலேயே தையலில் கசிந்தால், சேதம் மூசையோடு நிற்பதில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பொடியை அழுத்திச் சுடுவது

பெரிய டங்ஸ்டன் மூசைகளுக்கு இன்று பெருவழி இதுதான். சில மைக்ரான் அளவுள்ள டங்ஸ்டன் பொடியை, நடுவே எஃகு மாண்ட்ரல் வைத்த ரப்பர் உறைக்குள் நிரப்பி, உறையை மூடி, நீர் நிரம்பிய அழுத்தக் கலனுக்குள் இறக்குகிறார்கள். நாலாபக்கமும் சமமாக 200 மெகாபாஸ்கல் அளவுக்கு, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 2000 மடங்கு, அழுத்தம் கொடுக்கிறார்கள். வெளியே வருவது சுண்ணாம்புக்கட்டி மாதிரிக் கையாளக்கூடிய ஒரு கிண்ணம். அதை ஹைட்ரஜன் உலையில் 2000 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வைத்தால் பொடித்துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். இதைத்தான் சின்டரிங் என்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது சுருக்கம். அழுத்திய கிண்ணத்தின் அடர்த்தி முழு உலோகத்தில் 60 விழுக்காடு என்று வையுங்கள். சுட்டபின் 95 விழுக்காடு ஆகிறது. அப்படியானால் ஒவ்வொரு நீள அளவும் சுமார் 14 விழுக்காடு குறைகிறது. 100 மில்லிமீட்டர் மூசை வேண்டுமென்றால் ஏறக்குறைய 117 மில்லிமீட்டரில் அழுத்த வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சுருங்கினால் நல்லது. பொடி ஓரிடத்தில் தளர்வாக நிரம்பியிருந்தால் அங்கே அதிகம் சுருங்கி மூசை கோணும். டங்ஸ்டனின் எடையே அடிப்பகுதியை அழுத்தி அகலமாக்கிவிடும். அதனால் தேவைக்குச் சற்றுத் தடிமனாகச் செய்து, சுட்டபின் உள்ளும் புறமும் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருகிறார்கள்.

இந்த வழியின் லாபம் தெளிவானது. 15 கிலோ வாங்கி 12 கிலோவைக் கழிக்கும் பிரச்சினை இல்லை. மூசைக்குத் தேவையான பொடியும் தேய்த்து எடுக்கும் ஒரு பங்கும்தான். ஒரு முறை உறையும் மாண்ட்ரலும் செய்துவிட்டால் அடுத்தடுத்த மூசைகளின் விலை குறையும். ஆனால் பெரிய அழுத்தக் கலனும், அந்த உயரச் சூடு தாங்கும் ஹைட்ரஜன் உலையும் கோடிகளில் முதலீடு கேட்பவை. உலகில் இதைச் செய்பவர்கள் குறைவு. ஆஸ்திரியாவின் ராய்ட்டே ஊரில் 1921இல் தொடங்கிய பிளான்சி அவர்களில் பழமையான பெயர். சீனாவில் இன்று பல ஆலைகள் இருக்கின்றன. நம் நாட்டில் டங்ஸ்டன், மாலிப்டினம் வேலைக்கு ஹைதராபாத்தின் மிதானி உண்டு.

டாண்டலத்துக்கு இந்த ஹைட்ரஜன் உலை ஆகாது. டாண்டலம் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கிவிடும். அதற்கு வெற்றிடம்தான் வேண்டும். டாண்டலம் பொருள்களின் விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாயுவிலிருந்து வளர்ப்பதும் தெளித்துச் செய்வதும்

டங்ஸ்டன் ஹெக்ஸாஃப்ளூரைடு என்றொரு சேர்மம். 17 டிகிரியில் கொதிப்பதால் சென்னை வெயிலில் அது வாயுவாகத்தான் இருக்கும். அதை ஹைட்ரஜனோடு கலந்து, சூடான மாண்ட்ரல் மீது செலுத்தினால் டங்ஸ்டன் அடுக்கடுக்காகப் படியும். பிறகு மாண்ட்ரலைக் கரைத்தோ கழற்றியோ எடுத்துவிடலாம். கிடைக்கும் மூசை ஏறக்குறைய முழு அடர்த்தி, மிக உயர்ந்த தூய்மை, தையலே இல்லை. மெல்லிய சுவருக்கு இதைவிட அழகான வழி கிடையாது.

விலை எங்கே ஏறுகிறது? ஒரு கிலோ டங்ஸ்டன் படிய, வாயு முழுதும் வினைபுரிந்தால்கூட, 1.6 கிலோ ஹெக்ஸாஃப்ளூரைடு வேண்டும். கூடவே சுமார் 650 கிராம் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு வெளிவரும். எலும்புவரை போய்த் தாக்கும் கொடிய பொருள் அது. அதைப் பிடித்து நடுநிலையாக்கும் அமைப்பு, பயிற்சி பெற்ற ஆட்கள், அனுமதிகள் எல்லாம் மூசையின் விலையில் ஏறிவிடும். படிவதும் மெதுவாக நடப்பதால் சுவர் தடிக்கத் தடிக்க உலை நேரமும் கூடிக்கொண்டே போகும். சின்ன, மெல்லிய, மிகத் தூய மூசைக்கு இது பொருந்தும். 5 மில்லிமீட்டர் சுவருக்கு இதைத் தேடிப்போக வேண்டாம்.

பிளாஸ்மா தெளிப்பு வேறொரு வழி. பொடியைப் பிளாஸ்மாச் சுடரில் உருக்கி, சுழலும் கிராஃபைட் மாண்ட்ரல் மீது துளித்துளியாக அடித்துப் படியவைப்பது. பெரிய விட்டம், மெல்லிய சுவர், வளைந்த வடிவம் எல்லாம் சாத்தியம். ஆனால் துளிகள் அப்பளம்போல் தட்டையாகி ஒன்றன்மேல் ஒன்று படிவதால் இடையிடையே இடைவெளி தங்கும். மறுபடி சுட்டு இறுக்கினால்தான் உருகலைப் பிடிக்கும். பக்கத்தில் சிதறி வீணாகும் பொடியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

லேசர் முப்பரிமாண அச்சு பற்றியும் இப்போது நிறையக் கேட்கிறார்கள். டங்ஸ்டனை அச்சிட முடியும். மருத்துவ ஸ்கேன் கருவிகளில் கதிரை ஒழுங்குபடுத்தும் மெல்லிய தடுப்புகள் அப்படிச் செய்யப்படுகின்றன. ஆனால் லேசர் பட்ட இடம் சட்டென்று ஆறும்போது நுண்விரிசல் விழுவது டங்ஸ்டனின் இயல்பு. தடுப்புக்கு அது பரவாயில்லை. திரவத்தைப் பிடிக்கும் மூசைக்கு விரிசல்தான் முதல் எதிரி. உருண்டைத் துகள் பொடியின் விலையும் அதிகம். இன்றைய நிலையில் மூசைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் சூட்டில் மாறிப்போவது

விலைப்பட்டியலில் யாரும் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. அடித்து, உருட்டி, இழுத்துச் செய்த உலோகத்துக்கு அந்த வேலையாலேயே ஒரு வலிமை வருகிறது. அதற்குத்தான் கூடுதல் பணம் கொடுக்கிறோம். ஆனால் மாலிப்டினத்தை 1000 டிகிரிக்குச் சற்று மேலேயும், டங்ஸ்டனை 1200 முதல் 1400 டிகிரி வரையிலும் சூடாக்கினால் உள்ளே படிகமணிகள் புதிதாக உருவாகி வளரத் தொடங்கும். அடித்துச் சேர்த்த வலிமை போய்விடும். ஆறியபின் மூசை கண்ணாடிபோல் உடையக்கூடியதாகிவிடும்.

ஆகவே 2000 டிகிரிக்கு மேல் ஓட்டப்போகும் மூசைக்கு, அடித்த தகட்டின் வலிமைக்காகப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. முதல் ஓட்டத்திலேயே அது அழிந்துவிடும். அங்கே பார்க்க வேண்டியவை அடர்த்தி, தூய்மை, மணியளவு, உள்சுவரின் வழவழப்பு. 1200, 1300 டிகிரியில் மாலிப்டினம் மூசையை ஓட்டுபவர்களுக்குக் கதை வேறு. லாந்தனம் ஆக்சைடு சேர்த்த மாலிப்டினம் இந்த மாற்றத்தைப் பல நூறு டிகிரி தள்ளிப்போடும். அந்தக் கூடுதல் விலை அங்கே செல்லுபடியாகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை சூடான டங்ஸ்டன், மாலிப்டினம் மூசையைச் சுத்தியலால் தட்டி ஒட்டியதைப் பெயர்க்காதீர்கள். மேசையிலிருந்து விழுந்தாலே உடையும் நிலையில் அது இருக்கும். நேரடியாகக் கிராஃபைட் மீதும் வைக்காதீர்கள். கரி உள்ளே புகுந்து கார்பைடாகி உலோகத்தைக் கெடுக்கும்.

நீலக்கல்: இரண்டு முறைகள், இரண்டு மூசைகள்

இத்தனையும் ஒன்றுசேர்வதை நீலக்கல் வளர்ப்பில் பார்க்கலாம். ஒரே பொருள், ஒரே வெப்பநிலை. ஆனாலும் இரண்டு முறைகள் இரண்டு வெவ்வேறு மூசைகளைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன.

ஸ்பைரோ கைரோபௌலோஸ் 1926இல் வெளியிட்ட முறையில், உருகலின் மேற்பரப்பில் ஒரு விதைப் படிகத்தைத் தொடவைத்து, மெல்ல மெல்ல ஆறவைக்கிறார்கள். படிகம் உருகலுக்குள்ளேயே வளர்கிறது, சுவரைத் தொடுவதில்லை. வளர்ந்த கட்டியை மேலே தூக்கிவிட்டால் மூசை மறு ஓட்டத்துக்குத் தயார். ஆகவே இங்கே மூசை பல ஓட்டம் வர வேண்டும், வடிவம் மாறாமல் நிற்க வேண்டும். தடிமனான டங்ஸ்டன் மூசை, பொடி வழியில் செய்தது, இங்கே பொருந்துகிறது.

வெப்பப் பரிமாற்ற முறை என்ற இன்னொன்றை அமெரிக்காவில் ஃப்ரெட் ஷ்மிட், டென்னிஸ் வீக்னிக்கி ஆகியோர் உருவாக்கினார்கள். இதில் மூசையின் அடியில் ஹீலியம் வாயுவால் குளிர்விக்கிறார்கள். விதை அடியில் இருக்கிறது, படிகம் அங்கிருந்து மேலாக வளர்ந்து மூசை முழுவதையும் நிரப்புகிறது. நீலக்கல் சுவரில் ஒட்டிக்கொள்வதால் மூசையைக் கிழித்துத்தான் கட்டியை எடுக்கிறார்கள். பொதுவாக ஒரு மூசைக்கு ஒரே படிகம். அப்படியிருக்க, தடிமனான டங்ஸ்டன் வாங்குவது வீண். மெல்லிய மாலிப்டினம் மூசை போதும்.

2050 டிகிரி என்பதைக் கெல்வினில் மாற்றிப் பார்த்தால் மாலிப்டினத்தின் உருகுநிலையில் 80 விழுக்காடு, டங்ஸ்டனின் உருகுநிலையில் 63 விழுக்காடு. அந்தச் சூட்டில் மாலிப்டினம் தன் எடைக்கே மெதுவாகத் தொய்யும். ஒரே ஓட்டம் என்றால் அந்தத் தொய்வைப் பொறுத்துக்கொள்ளலாம். பல ஓட்டம் என்றால் முடியாது. உலோகத்தையும் செய்முறையையும் இங்கே தீர்மானித்தது "படிகம் எப்படி வெளியே வருகிறது?" என்ற ஒரே கேள்விதான்.

அருமண் உலோகங்கள்: டாண்டலத்தின் இடம்

டாண்டலம் விலையேறிய உலோகம். ஆனாலும் சில உருகல்களுக்கு அதைத்தான் தேட வேண்டியிருக்கும். அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் அருமண் உலோகங்களைத் தயாரிக்கும் முறை டாண்டலம் மூசையைச் சுற்றியே அமைந்தது. அருமண் ஃப்ளூரைடையும் கால்சியத்தையும் சேர்த்துச் சூடாக்கி உலோகத்தைப் பிரிக்கிறார்கள். அருமண் உலோகம் மட்பாண்ட மூசையின் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும், கிராஃபைட்டிலிருந்து கரியை இழுத்துக்கொள்ளும். 1000 டிகிரி அருகில் உருகும் நியோடிமியம் போன்றவற்றில் டாண்டலம் மிகக் குறைவாகவே கரைகிறது. தகட்டை இழுத்தோ வெல்டிங் செய்தோ மூசையாக்கவும் டாண்டலம் எளிது. லுட்டீஷியம் போல 1600 டிகிரிக்கு மேல் உருகுபவற்றில் டாண்டலம் அதிகம் கரைவதால் டங்ஸ்டன் பக்கம் போக வேண்டியிருக்கும்.

உலோகத்தின் விலையும் நம் ஊரும்

டங்ஸ்டன் என்றதும் நம் வாசகர்களுக்கு அரிட்டாபட்டி நினைவுக்கு வரும். மதுரை மாவட்டம் மேலூர் அருகே நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. 2022இலேயே தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்த அரிட்டாபட்டியின் மக்களும் சுற்று ஊர்களும் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

உலக டங்ஸ்டன் உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவிடம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் சீனா டங்ஸ்டன், மாலிப்டினம் உள்ளிட்ட சில உலோகங்களின் பொருள்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தபின் வாங்குவோர் எல்லோருக்கும் நெருக்கடிதான். நியோபியம் பெரும்பாலும் பிரேசிலிலிருந்து வருகிறது. டாண்டலத்தின் பெரும்பகுதி காங்கோ, ருவாண்டா பகுதியிலிருந்து வருகிறது. அந்தச் சுரங்கங்களின் பின்னாலிருக்கும் வன்முறை உலகறிந்தது.

இந்த நிலையில் செய்முறைத் தேர்வு பணக்கணக்கோடு நிற்பதில்லை. 3.5 கிலோ மூசைக்காக 15 கிலோ தடியைக் கடைவது, எங்கோ ஒரு மண்ணிலிருந்து தோண்டி எடுத்த உலோகத்தைச் சுருளாக்குவது. உடைந்த மூசையையும் கடைசல் சுருளையும் வகை பிரித்து, வேறு உலோகம் கலக்காமல் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்புவதை ஒவ்வொரு ஆய்வகமும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். டங்ஸ்டன், டாண்டலம் இரண்டின் கழிவுக்கும் நல்ல விலை உண்டு. மலைகளைப் பற்றிய அக்கறை நமக்கு உண்மையானது என்றால் அது பட்டறைத் தரையிலும் தெரிய வேண்டும்.

ஓட்டத்துக்கு எவ்வளவு?

கடைசியாக அந்தத் தம்பிக்குப் போட்டுக் காட்டிய கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, சந்தை விலை அல்ல.

மெல்லிய மாலிப்டினம் மூசை 100 ரூபாய், ஒரே ஓட்டம். பொடி வழியில் செய்த டங்ஸ்டன் மூசை 900 ரூபாய், கடைசியில் பழைய உலோகமாக 150 ரூபாய்க்குப் போகும். அதன் நிகரச் செலவு 750. டங்ஸ்டன் மூசை 15 ஓட்டம் வந்தால் ஓட்டத்துக்கு 50 ரூபாய்தான், பாதி விலை. அதே மூசை 5 ஓட்டத்தில் கீறிவிட்டால், அல்லது உங்கள் ஆய்வுத் திட்டமே 5 ஓட்டத்தில் முடிந்துவிட்டால், ஓட்டத்துக்கு 150 ரூபாய். இங்கே எல்லைக்கோடு ஏழரை ஓட்டம். அதற்குக் கீழே மாலிப்டினம் லாபம், மேலே டங்ஸ்டன் லாபம். உங்கள் எண்களைப் போட்டு உங்கள் எல்லைக்கோட்டைக் கண்டுபிடியுங்கள்.

இதோடு கசிவின் விலையையும் சேர்க்க வேண்டும். மூசை கசிந்தால் உருகல் கீழே இறங்கி, வெப்பமூட்டியையும் வெப்பத் தடுப்புத் தகடுகளையும் பிடித்துக்கொள்ளும். அவையும் டங்ஸ்டனும் மாலிப்டினமும்தான். உலை வாரக்கணக்கில் நிற்கும், படிகமும் போகும். வெல்டிங் மூசையில் மிச்சம் பிடித்த பணத்தை ஒரே கசிவு பல மடங்காக விழுங்கிவிடும். என் கணக்கில் உருகலைப் பிடிக்க வேண்டிய டங்ஸ்டன் மூசையில் தையல் இருக்கவே கூடாது.

என் தீர்ப்பு இதுதான். ஒரே ஓட்டத்துக்கு மெல்லிய தகட்டு மாலிப்டினம். பல ஓட்டத்துக்கும் 2000 டிகிரிக்கு மேலேயும் அழுத்திச் சுட்ட டங்ஸ்டன். 1000 டிகிரி அருகில் உருகும் அருமண் உலோகங்களுக்கு இழுத்துச் செய்த டாண்டலம். ஒன்றிரண்டு சின்ன மூசைகளுக்கு லேத். மிக மெல்லிய, மிகத் தூய தேவைக்கு மட்டும் வாயு வழி.

நீங்கள் விலை கேட்டு எழுதும்போது அளவையும் உலோகத்தையும் மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எதை உருக்கப்போகிறீர்கள், எந்த வெப்பநிலை, என்ன வாயு, ஆறிய பொருள் எப்படி வெளியே வரும், எத்தனை ஓட்டம் எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள். பதிலில் செய்முறை, அடர்த்தி, தையல் உண்டா இல்லையா என்ற மூன்றையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதைத் தர மறுக்கும் கொட்டேஷன் எவ்வளவு குறைந்த விலையாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.